ஏழாம் எண் சட்டை: ரக்பி லீக்கில் இளம் ஹாஃப்பேக்கை எடைபோடுவது எப்படி?

1994-இல் பிறந்த இரண்டு பேர். இருவரும் சிட்னியின் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் கிளப்பில் இருபது வயதைத் தொடும் முன்பே முதல் ஆட்டம் ஆடியவர்கள். ஆட்டத்தை நடத்தும் ஹாஃப்பேக்குக்குரிய 7-ஆம் எண் சட்டை லூக் புரூக்ஸுக்கு, அவருக்குப் பக்கத்தில் 6-ஆம் எண் மிட்செல் மோசஸுக்கு. 2017 மே மாதம், பருவத்தின் நடுவிலேயே, மோசஸ் பாரமட்டா ஈல்ஸ் கிளப்புக்குப் போய்விட்டார். புரூக்ஸ் அங்கேயே இருந்தார். 2018-இல் அந்த ஆண்டின் சிறந்த ஹாஃப்பேக் விருது புரூக்ஸுக்குக் கிடைத்தது. 2019-இல் அதே விருது மோசஸுக்கு. ஆக, இருவரில் ஒருவருக்குத் திறமை குறைவு என்று சொல்ல வழியில்லை. ஆனால் 2022-இல் மோசஸ் ஈல்ஸ் அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். புரூக்ஸோ 11 பருவங்கள் டைகர்ஸுக்கு ஆடி, ஒரே ஒரு நாக்-அவுட் ஆட்டம்கூடப் பார்க்காமல், 2024-இல் மேன்லி கிளப்புக்கு மாறினார். அங்கே போன முதல் பருவத்திலேயே நாக்-அவுட் சுற்றில் ஆடினார்.

இந்த இரண்டு பேரின் கதையில்தான் ஹாஃப்பேக் என்ற இடத்தின் சூட்சுமம் இருக்கிறது. ஓர் இளைஞனைப் பற்றி "பெரிய எதிர்காலம் உள்ளவன்" என்று செய்தி வரும்போது, அதில் எவ்வளவு அவனுடையது, எவ்வளவு அவனைச் சுற்றி ஆடுகிறவர்களுடையது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அது தெரிந்தால், அவன் கிளப் மாறுவது சரியா தவறா என்ற கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

முதலில் ஆட்டம்

ரக்பி என்றதும் நம்மில் பலருக்கு, அதிலும் கண்டியிலும் கொழும்பிலும் பள்ளிக்கூட ஆட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, 15 பேர் ஆடும் ரக்பி யூனியன்தான் நினைவுக்கு வரும். ரக்பி லீக் வேறு. வேலையை விட்டுவிட்டு ஆட வரும் தொழிலாளிக்கு இழந்த கூலியைக் கொடுக்க வேண்டும், கொடுக்கக் கூடாது என்ற தகராறில், 1895-இல் வட இங்கிலாந்துக் கிளப்புகள் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் கூடிப் பிரிந்து உருவாக்கிய ஆட்டம் இது. ஓர் அணிக்கு 13 பேர், 80 நிமிடம். சிட்னியிலும் குயின்ஸ்லாந்திலும் குளிர்காலம் என்றால் இந்த ஆட்டம்தான். இதன் உச்சியில் இருப்பது என்.ஆர்.எல். (நேஷனல் ரக்பி லீக்) போட்டித் தொடர். 2023 முதல் அதில் 17 கிளப்புகள். பாரமட்டா, வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஈல்ஸ் என்ற பெயரும் அந்த நீல-மஞ்சள் சட்டையும் பழக்கமானவைதான்.

விதிகளில் நமக்கு வேண்டியவை கொஞ்சம்தான். பந்தைக் கையால் முன்னே எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் கொடுக்கலாம். காலால் முன்னே உதைக்கலாம். கபடியில் பிடிபட்டால் ஆள் வெளியே. இங்கே பிடிபட்டவர் எழுந்து நின்று, பந்தைக் காலால் பின்னே தள்ளி ஆட்டத்தைத் தொடர்கிறார். இந்தப் பிடிக்கு டேக்கிள் என்று பெயர். ஓர் அணிக்குத் தொடர்ச்சியாக ஆறு டேக்கிள் வரை பந்து கையில் இருக்கும். ஆறாவதும் விழுந்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் ஐந்தாவது டேக்கிள் முடிந்ததும் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள். இந்த ஆறின் தொகுப்புக்கு 'செட்' என்று பெயர். ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் தற்காக்கும் அணி 10 மீட்டர் பின்வாங்கி நிற்க வேண்டும். எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தினால் அது 'டிரை', 4 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தைத் தரையில் துள்ளவிட்டுக் கம்பத்துக்கு நடுவே உதைப்பது 'ஃபீல்டு கோல்', பெரும்பாலும் 1 புள்ளி.

சட்டை எண்ணே ஆடும் இடத்தைச் சொல்லிவிடும். 8 முதல் 13 வரை ஃபார்வர்டுகள், கனத்த உடல்காரர்கள், மோதி மீட்டர் சேர்ப்பவர்கள். அவர்களில் 9-ஆம் எண் ஹூக்கர். டேக்கிள் முடிந்து பின்னே வரும் பந்தை முதலில் எடுப்பவர் அவர்தான். 1-ஆம் எண் ஃபுல்பேக், கடைசிக் காவல். 6 ஃபைவ்-எய்த், 7 ஹாஃப்பேக். 1, 6, 7, 9 ஆகிய நான்கையும் சேர்த்து அணியின் முதுகெலும்பு என்பார்கள். அதில் 7 தான் செட்டை நடத்துகிறவர். எந்த டேக்கிளில் யார் ஓட வேண்டும், எந்தப் பக்கம் போக வேண்டும், எப்போது உதைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வரும்.

ஒரு செட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தால்

சொந்தக் கோட்டிலிருந்து 15 மீட்டரில் பந்து கிடைக்கிறது. முதல் மூன்று டேக்கிள்களில் ஃபார்வர்டுகள் மோதி மோதி 30, 35 மீட்டர் முன்னேறுகிறார்கள். அந்த நேரத்தில் ஹாஃப்பேக் பந்தைத் தொடுவதே இல்லை. புதிதாகப் பார்க்கிறவர் அவர் சும்மா நிற்கிறார் என்று நினைத்துக்கொள்வார். அவரோ நான்காவது, ஐந்தாவது டேக்கிள்கள் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதைத் தீர்மானித்துக்கொண்டிருக்கிறார். மைதானத்தின் அகலம் 68 மீட்டர். ஐந்தாவது டேக்கிள் நடுவில் விழுந்தால் இரண்டு பக்கமும் உதைக்கலாம், எதிரணி ஃபுல்பேக்குக்கு எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியாது. ஓரத்தில் விழுந்தால் ஒரு பக்கம்தான் மிச்சம். ஃபுல்பேக் முன்கூட்டியே அங்கே போய் நின்றுவிடுவார். தேர்ந்த ஹாஃப்பேக் நான்காவது டேக்கிளில் ஒரு ஃபார்வர்டைப் பெயர் சொல்லி அழைத்து நடுவுக்கு ஓடச் சொல்வார். அனுபவம் இல்லாதவன் நான்காவதிலும் தானே பந்தை வாங்கி ஏதாவது செய்யப் பார்த்து, ஓரத்தில் மாட்டி, ஐந்தாவதில் அவசர உதை உதைப்பான். புள்ளிவிவரத்தில் அவன் பெயரில் ஓர் ஓட்டமும் ஓர் உதையும் ஏறும். செட் வீணாகியிருக்கும்.

இப்போது உதை. ஹூக்கரிடமிருந்து பந்து வந்து சேர்வதற்குள் எதிரணியில் இரண்டு பேர் 10 மீட்டர் தூரத்திலிருந்து பாய ஆரம்பித்திருப்பார்கள். கையில் இரண்டு வினாடி இருந்தால் அதிகம். அதற்குள் என்ன உதை என்று முடிவாகியிருக்க வேண்டும். வானத்துக்கு உயர்த்தி உதைப்பது 'பாம்'. பந்து இறங்குவதற்குள் தன் அணி ஓடிப்போய்ப் பிடிக்கிறவரைச் சூழ்ந்துகொள்ளும். தரையோடு உருட்டுவது 'கிரப்பர்'. எதிரணிக் கோட்டருகே வந்துவிட்ட பிறகுதான் அது பயன்படும். கிரப்பர் சரியான அளவில் போய் நின்றால், அதை எடுக்கும் எதிரணிக்காரர் தன் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கப்படுவார். அப்படி மடக்கப்பட்டால் எதிரணி தன் கோட்டிலிருந்து பந்தை உதைத்து நம்மிடமே திருப்பித் தர வேண்டும். புதிதாக ஆறு டேக்கிள், அதுவும் களைத்துப்போன தற்காப்புக்கு எதிராக. மூன்று அடி கூடுதலாக உருண்டு பந்து கடைசிக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டால் நிலைமை தலைகீழ். எதிரணி 20 மீட்டர் கோட்டிலிருந்து ஏழு டேக்கிளோடு தொடங்கும். இந்த ஏழு டேக்கிள் தண்டனை 2014-இல் வந்தது. உதையின் எடையை ஓரிரு மீட்டருக்குள் கட்டுப்படுத்தத் தெரியாத ஹாஃப்பேக்குக்கு அன்றிலிருந்து கஷ்டகாலம்.

இன்னொன்று 40/20. சொந்தப் பகுதியின் 40 மீட்டர் கோட்டுக்குப் பின்னாலிருந்து உதைத்து, பந்து களத்துக்குள் ஒரு முறையாவது குத்தி, எதிரணியின் 20 மீட்டர் கோட்டைத் தாண்டிய இடத்தில் ஓரக்கோட்டுக்கு வெளியே போனால், பந்து மறுபடி உதைத்த அணிக்கே. ஒரே உதையில் ஆட்டத்தின் முகம் மாறும். ஆனால் ஒரு ஆட்டத்தில் மூன்று முறை முயன்று மூன்றும் தவறினால், மூன்று முறை எதிரணிக்கு நல்ல இடத்தில் பந்தைத் தூக்கிக் கொடுத்ததாகத்தான் அர்த்தம். இளம் வீரர்களின் சிறப்புக் காட்சித் தொகுப்பில் கூடிவந்த ஒன்று இருக்கும். தவறிய மூன்றும் இருக்காது.

'திறன்' என்று எதைப் பார்க்க வேண்டும்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். ஹாஃப்பேக் விஷயத்தில் அது பாதிதான் உண்மை. நியூ சவுத் வேல்ஸில் 17 வயதுக்குட்பட்டோருக்கு ஹெரால்டு மேத்யூஸ் கோப்பை, 19-க்குட்பட்டோருக்கு எஸ்.ஜி. பால் கோப்பை, 21-க்குட்பட்டோருக்கு ஜெர்சி ஃபிளெக், அதற்கு மேல் நியூ சவுத் வேல்ஸ் கோப்பை, கடைசியில் என்.ஆர்.எல். குயின்ஸ்லாந்தில் சிரில் கானல், மால் மெனிங்கா என்று வேறு படிகள். இதில் 16, 17 வயதுப் படியில் மினுங்குகிறவர்களில் ஒரு பகுதியினர் சீக்கிரம் வளர்ந்துவிட்ட பையன்கள். அந்த வயதில் 80 கிலோ இருந்தால் டேக்கிளை உடைத்துக்கொண்டு ஓடலாம். 20 வயதில் எல்லாரும் 80 கிலோ ஆகிவிடுவார்கள், எதிரே நிற்கும் ஃபார்வர்டுகள் 110 கிலோ இருப்பார்கள். உடைத்து ஓடியே பழகியவனுக்கு அப்போது கையில் வேறு ஆயுதம் இருக்காது. அதனால் இளையோர் ஆட்டத்தில் ஒருவன் எத்தனை டிரை போட்டான் என்ற கணக்கைவிட, அவன் பாஸ் கொடுத்த ஆள் எந்த நிலையில் பந்தை வாங்கினான் என்பது பெரிய தகவல்.

பாஸைப் பார்க்க ஒரு வழி உண்டு. எல்லா அணிகளும் ஆடும் அடிப்படை வியூகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம், 'பிளாக்' என்று பெயர். ஹாஃப்பேக் பந்தோடு தற்காப்புக் கோட்டை நோக்கி ஓடுகிறார். அவருக்கு வெளிப்பக்கமாக 11 அல்லது 12-ஆம் எண் ஃபார்வர்டு நேராக, முழு வேகத்தில் கோட்டை நோக்கி வருகிறார். அந்த ஃபார்வர்டின் முதுகுக்குப் பின்னால் வளைந்து ஃபுல்பேக் வருகிறார். ஹாஃப்பேக்குக்கு இரண்டு தேர்வு. ஃபார்வர்டுக்குக் குட்டையான பாஸ், இல்லையென்றால் அவர் முதுகுக்குப் பின்னால் ஃபுல்பேக்குக்கு நீளமான பாஸ். எதிரே நிற்கும் தற்காப்பாளரின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுதான் சைகை. தோள் உள்ளே ஃபார்வர்டை நோக்கித் திரும்பினால் பின்னால் கொடு. வெளியே நகர்ந்தால் முன்னால் கொடு. இதைப் பார்க்க வேண்டுமானால் தற்காப்பாளருக்கு இரண்டு, மூன்று மீட்டர் பக்கத்தில் போகும்வரை பந்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்திருந்தால் பந்து கையை விட்ட மறுகணம் அடி விழும். அடிக்குப் பயந்து ஐந்து மீட்டர் முன்பே பாஸ் கொடுப்பவன் கைகளில் எவ்வளவு நளினம் இருந்தாலும், எதிரணி நிதானமாகப் பக்கவாட்டில் நகர்ந்து அடைத்துவிடும். இந்த ஒரு பழக்கம் 19 வயதில் ஒருவனிடம் இருந்தால் அவன் மேல் நம்பிக்கை வைக்கலாம் என்பேன். மற்றதெல்லாம் கற்றுக்கொடுக்கலாம். அடி வாங்கத் தயாராக நின்று பாஸ் கொடுக்கும் துணிவைக் கற்றுக்கொடுப்பது கடினம்.

தற்காப்பும் முக்கியம். ஹாஃப்பேக் பெரும்பாலும் ஓரக்கோட்டிலிருந்து மூன்றாவது ஆளாக நிற்பார். எதிரணிப் பயிற்சியாளர் வாரம் முழுக்கப் போடும் திட்டமே அந்த இடத்தை நோக்கி 105 கிலோ ஃபார்வர்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவதுதான். நோக்கம் இரண்டு. ஒன்று, டேக்கிள் தவறினால் டிரை. மற்றது, தவறாவிட்டாலும் 60-ஆம் நிமிடத்தில் அவன் கால் தளர்ந்துபோய் உதையின் தூரம் குறையும். ஆகவே ஓர் இளம் ஹாஃப்பேக்கின் கடைசி 20 நிமிட உதைகளைத் தனியாகப் பாருங்கள். முதல் பாதியில் 50 மீட்டர் போன உதை கடைசியில் 35 மீட்டரில் விழுந்தால் காலில் குறை இல்லை. தற்காப்புதான் அவனைத் தின்றிருக்கிறது. அது உடற்பயிற்சியாலும் வயதாலும் சரியாகக்கூடிய குறை.

நேரில் ஆட்டம் பார்க்கப் போனால் கம்பத்துக்குப் பின்னால் உயரமான இடத்தில் உட்காருங்கள். தொலைக்காட்சி பந்தைத்தான் காட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது பந்து இல்லாத நேரத்து ஹாஃப்பேக்கை. ஒரு தாளில் ஒவ்வொரு செட்டுக்கும் இரண்டே விஷயம் குறியுங்கள். ஐந்தாவது டேக்கிள் விழுந்த இடம், உதையின் முடிவு. எதிரணி சுலபமாகப் பிடித்ததா, பிடித்த உடனே மடக்கப்பட்டதா, கோட்டுக்குப் பின்னால் சிக்கியதா, வெளியே போனதா என்பது போதும். 80 நிமிடத்தில் முப்பது செட் வரை தேறும். ஒரே ஆட்டத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஜெயித்த ஆட்டம் இரண்டு, தோற்ற ஆட்டம் மூன்று பார்த்தால் படம் தெளிவாகும். தோற்ற ஆட்டம் அதிகம் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. ஃபார்வர்டுகள் வென்று கொடுக்கும் ஆட்டத்தில் யார் ஹாஃப்பேக்காக நின்றாலும் அழகாகத்தான் தெரியும்.

ஒப்பந்தம் எப்படி ஓடுகிறது

என்.ஆர்.எல்.-இல் ஐ.பி.எல். மாதிரி ஏலமும் இல்லை, அமெரிக்க ஆட்டங்களில் இருப்பதுபோல் கிளப்புகள் வரிசையாக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையும் இல்லை. அப்படி ஒன்றை 1990-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தபோது, வீரர்கள் வழக்குப் போட்டு 1991-இல் நீதிமன்றத்தில் அதை முறித்தார்கள். கால்பந்தில் போல ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குப் பெருந்தொகை கொடுத்து ஆளை வாங்குவதும் இங்கே வழக்கமில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தால் வீரர் சுதந்திரமாகப் போகலாம். முடியும் முன் போக வேண்டுமென்றால் இருக்கும் கிளப் விடுவிக்கச் சம்மதிக்க வேண்டும்.

நினைவில் வைக்க வேண்டிய தேதி நவம்பர் 1. ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டுக்குள் நுழையும் வீரரோடு மற்ற கிளப்புகள் அன்றிலிருந்து பேசலாம். அதாவது ஒருவர் தன் பழைய கிளப்புக்கு இன்னும் ஒரு முழுப் பருவம் ஆட வேண்டியிருக்கும்போதே, அடுத்த கிளப்பில் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்தப் பருவத்தில் ரசிகர்கள் கூச்சலிடுவதும், பயிற்சியாளர் அவரை ஓரம்கட்டி அடுத்த இளைஞனை இறக்கிப் பார்ப்பதும் நடக்கும். பாதியிலேயே விடுதலை கொடுத்து அனுப்பும் முடிவுகள் பல இப்படித்தான் வருகின்றன. மோசஸ் 2017-இல் பாதியில் போனதும் இந்த வகைதான். அடுத்த பருவத்துக்கென்று முடிவான மாற்றம் முன்கூட்டியே நடந்தது.

பணத்துக்கு உச்சவரம்பு உண்டு. 30 பேர் கொண்ட முதன்மை அணிக்கு ஒரு கிளப் கொடுக்கக்கூடிய மொத்தச் சம்பளம் இப்போது 12 மில்லியன் ஆஸ்திரேலிய டாலரை ஒட்டி இருக்கிறது. முதல் தர ஹாஃப்பேக் ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு மில்லியனும் அதற்கு மேலும் போகிறது. 2025-இல் ஈல்ஸின் டிலன் பிரௌன், 24 வயதில், நியூகாசில் நைட்ஸோடு 10 ஆண்டு ஒப்பந்தத்துக்கு ஒப்புக்கொண்டார். மதிப்பு ஏறத்தாழ 13 மில்லியன் என்று செய்திகள் சொல்லின. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 30 பேருக்கான பணத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு ஒருவருக்கே போனால் மீதி 29 பேரில் எங்கோ கை வைக்கத்தான் வேண்டும். பெரும்பாலும் அது ஃபார்வர்டுகளில் விழும். அதிகப் பணம் வாங்கும் ஹாஃப்பேக்குக்கு முன்னால் பலம் குறைந்த ஃபார்வர்டுகள் நிற்பது பல அணிகளில் நடக்கிறது. அதன்பின் "இவ்வளவு வாங்குகிறவர் ஏன் ஜெயிக்கவைக்கவில்லை" என்று அவரையே திட்டுவார்கள்.

ஆஷ் டெய்லரின் வழி இதற்கு ஒரு வருத்தமான உதாரணம். பிரிஸ்பேன் பிராங்கோஸில் ஒரே ஒரு என்.ஆர்.எல். ஆட்டம் ஆடிவிட்டு, 2016-இல் கோல்டு கோஸ்ட் டைட்டன்ஸுக்குப் போனார். அதே ஆண்டு சிறந்த புதுமுகம் விருதை வென்றார். கிளப் மாற்றம் என்ற அளவில் அது மிகச் சரியான முடிவு. முன்னால் ஆள் இல்லாத இடம், உடனே ஆட்டம். பின்னால் வந்த பெரிய ஒப்பந்தத்தோடு எதிர்பார்ப்பும் அவர் தோளில் ஏறியது. டைட்டன்ஸ் தடுமாறிய ஆண்டுகளில் பழி அவர் பெயரில் விழுந்தது. 2022-இல் வாரியர்ஸ் கிளப்பில் இருந்தபோது இடுப்புக் காயத்தால் ஓய்வு பெற்றார். அப்போது வயது முப்பதைத் தொடவில்லை.

மாறுவதா, காத்திருப்பதா

ஓர் இளம் ஹாஃப்பேக் மாறலாமா என்று பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது எளிய கேள்வி. அவனுக்கு முன்னால் 7-ஆம் எண்ணில் இருப்பவர் யார், அவர் ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது? ஃபுல்பேக்கையோ, விங்குக்கு உள்பக்கம் ஆடும் சென்டரையோ, ஓரக்கோட்டை ஒட்டிய விங் இடத்துக்கு மாற்றி ஆடவைக்கலாம். ஹாஃப்பேக் இரண்டாம் ஆளாக இருந்தால் பெரும்பாலும் இரண்டாம் தரத்தில்தான் ஆட வேண்டும், இல்லையென்றால் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் உட்கார வேண்டும்.

ஜொனதன் தர்ஸ்டனுக்கு அதுதான் நேர்ந்தது. 2002-இல் சிட்னியின் கேன்டர்பரி புல்டாக்ஸில் தொடங்கினார். அங்கே 7-ஆம் எண்ணில் பிரென்ட் ஷெர்வின், 6-இல் பிரெய்த் அனாஸ்டா. 2004-இல் புல்டாக்ஸ் கோப்பையை வென்றபோது தர்ஸ்டன் பெஞ்சிலிருந்து இறங்கி ஆடியவர். காயத்தால் அந்த ஆட்டத்தைத் தவறவிட்ட தலைவர் ஸ்டீவ் பிரைஸிடம் தன் வெற்றி மோதிரத்தையே கொடுத்தார். கோப்பை வென்ற கிளப்பை விட்டு, அதுவரை கோப்பையே பார்க்காத நார்த் குயின்ஸ்லாந்து கௌபாய்ஸுக்கு 2005-இல் போனார். 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால், வெப்பமண்டலத்து டவுன்ஸ்வில். வெளியே இருந்து பார்த்தால் இறங்குமுகம்போல் இருக்கும். ஆனால் கௌபாய்ஸ் 2004-இல் இறுதிப் போட்டிக்கு ஒரே ஆட்டம் முன்புவரை வந்த அணி. மேட் போவன் என்ற மின்னல்வேக ஃபுல்பேக் இருந்தார், ஆரன் பெய்ன் என்ற ஹூக்கர் இருந்தார். இல்லாதது ஒரு ஹாஃப்பேக்தான். முதல் பருவத்திலேயே அணி இறுதிப் போட்டிக்குப் போனது, வெஸ்ட்ஸ் டைகர்ஸிடம் 30-16 என்று தோற்றது. அந்த ஆண்டின் சிறந்த வீரருக்கான டாலி எம் பதக்கம் தர்ஸ்டனுக்கு. இன்னும் மூன்று முறை அதை வென்றார்.

கோப்பைக்குப் பத்து ஆண்டு பிடித்தது. 2015 இறுதிப் போட்டியில் கடைசி நொடியில் கைல் ஃபெல்ட் மூலையில் டிரை போட 16-16. ஓரக்கோட்டிலிருந்து தர்ஸ்டன் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கூடுதல் நேரத்தில் அவரே ஃபீல்டு கோல் அடித்து 17-16 என்று முடித்தார்.

காத்திருந்து வென்றவர்களும் உண்டு. மெல்போர்ன் ஸ்டார்மில் கூப்பர் கிராங்க் 2004-இல் முதல் ஆட்டம் ஆடினார். முன்னால் மேட் ஆர்ஃபோர்டு இருந்ததால் கிடைத்த இடத்தில் ஆடிக்கொண்டிருந்தார். 2005 முடிவில் ஆர்ஃபோர்டு மேன்லிக்கு மாறினார், 2006-இல் 7-ஆம் எண் கிராங்குக்கு வந்தது. அந்தச் சட்டையை 2017 வரை அவர் விடவில்லை. போன ஆர்ஃபோர்டும் நஷ்டப்படவில்லை. 2008-இல் டாலி எம் பதக்கமும் கோப்பையும் இரண்டும் அவருக்கு. அந்த இறுதிப் போட்டியில் மேன்லி தோற்கடித்தது மெல்போர்னைத்தான், 40-0. ஒரு மாற்றம் இரண்டு ஹாஃப்பேக்குகளுக்கு வழி திறந்த அபூர்வமான கணக்கு இது.

இரண்டாவது கேள்வி, முன்னால் நிற்கும் ஃபார்வர்டுகளும் ஹூக்கரும் யார் என்பது. ஹூக்கரின் பாஸ் நெஞ்சு உயரத்தில், ஓடும் திசைக்குச் சற்று முன்னால் வந்தால் ஹாஃப்பேக்குக்குக் கால் வினாடி மிச்சம். முழங்காலுக்கு வந்தால் குனிந்து எடுப்பதற்குள் எதிரணி வந்துவிடும். மூன்றாவது, பயிற்சியாளரின் இருப்பு. தோல்விகளால் வேலை ஆட்டங்கண்டுகொண்டிருக்கும் பயிற்சியாளர் கூப்பிட்டுப் போனால், ஆறு மாதத்தில் வேறு ஒருவர் வந்து "இவர் என் ஆள் இல்லை" என்று சொல்ல வாய்ப்புண்டு. பணம் நான்காவதுதான். 18 வயதில் வீட்டை விட்டு 1,000 கிலோமீட்டர் போகிற பையனுக்குத் தங்க இடமும் சாப்பாட்டு மேசையில் கூட உட்கார ஒரு குடும்பமும் இருக்கிறதா என்பதை, நான் பணத்துக்கு மேலே வைப்பேன்.

மாறிய பிறகு

புதுக் கிளப்பில் முதல் தடை மொழி. ஒரே பிளாக் வியூகத்துக்கு ஒவ்வொரு கிளப்பிலும் வேறு சங்கேதச் சொல். களத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே அதைச் சொல்ல வேண்டியவர் ஹாஃப்பேக். புதுச் சொல்லை யோசித்துச் சொன்னால் அரை வினாடி தாமதம், வியூகம் கலைந்துவிடும். அதோடு வலப்பக்கம் ஆடிப் பழகியவரை இடப்பக்கம் நிறுத்தினால் பாஸ் கொடுக்கும் கையே மாறுகிறது. நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை ஓடும் பயிற்சிக் காலம் இதற்காகத்தான். பருவம் மார்ச்சில் தொடங்குமுன் மூன்று மாதம் கையில் இருக்கும். பருவத்தின் நடுவில் மாறுகிறவருக்கு அந்த மூன்று மாதம் ஒரு வாரமாகச் சுருங்கிவிடும்.

லாக்லன் கால்வின் 2025-இல் அப்படித்தான் மாறினார். 2024-இல் 18 வயதில் வெஸ்ட்ஸ் டைகர்ஸுக்கு முதல் ஆட்டம். ஒப்பந்த நீட்டிப்பை மறுத்தது பெரிய சர்ச்சையாகி, அடுத்த பருவத்தின் பாதியிலேயே புல்டாக்ஸுக்குப் போனார். டைகர்ஸில் 6-ஆம் எண்ணில் ஆடியவர் அங்கே பிறகு ஹாஃப்பேக்காக இறக்கப்பட்டார். அட்டவணையின் மேல்பகுதியில் ஓடிக்கொண்டிருந்த அணியில், 20 வயதுக்காரர் நடுப்பருவத்தில் செட்டை நடத்தும் பொறுப்பை எடுப்பது மிகப் பாரமான வேலை. அந்தச் சில மாதங்களை வைத்து அவர் மாறியது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வது அவசரம்.

எவ்வளவு காலம் பொறுக்கலாம் என்பதற்கு மோசஸின் முதல் மூன்று ஆண்டுகளே கணக்கு. அவர் போன 2017-இல் ஈல்ஸ் முதல் நான்குக்குள் முடித்தது. 2018-இல் அட்டவணையின் கடைசி இடம். அப்போது மாற்றம் தோல்வி என்று எழுதியவர்கள் இருந்தார்கள். 2019 செப்டம்பரில், பாரமட்டாவில் புதிதாகக் கட்டிய அரங்கில் நடந்த நாக்-அவுட் ஆட்டத்தில், மோசஸ் 7-ஆம் எண்ணில் ஆட, ஈல்ஸ் பிராங்கோஸை 58-0 என்று வென்றது.